படகுக்கும் ஓர் அடையாள அட்டை

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால்கூட, 'கிராண்ட் எங்கே?' என்று முதலில் கேட்கிறோம். படகு வாங்கும்போது அந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதில்லை. என் மாமாவுக்கும் தோன்றவில்லை.

55 வயதில் கிடைத்த சேமநிதிப் பணத்தில் 4,000 வெள்ளியை எடுத்து, பாகான் டத்தோ பக்கம் ஒரு பழைய ஃபைபர் படகை இயந்திரத்தோடு வாங்கினார். விடுமுறையில் கடலில் தூண்டில் போட வேண்டும் என்பது தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே அவருடைய ஆசை. கைக்கு வந்தவை ஒரு ரசீதும், காலாவதியான உரிமத்தின் நகலும். "தம்பி, இந்த பாரத்த நிரப்பிக் குடுப்பா" என்று என்னை அழைத்தார். நகலைப் படித்தேன். உரிமையாளர் பெயர் வேறு. விசாரித்ததில், அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விற்றவருக்கு அந்தப் படகில் எந்த உரிமையும் இல்லை.

அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். 'லைசென்ஸ்' என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன.

1. படகின் எண்: இது எந்தப் படகு?

தொழிற்சாலையில் கட்டும்போதே பின்பலகையின் வலப்பக்கத்தில் ஓர் எண்ணைப் பொறிப்பார்கள். கட்டிய நிறுவனம், வரிசை எண், மாதம், ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் இது கட்டாயம். ஐஎஸ்ஓ 10087 இதற்கான அனைத்துலகத் தரம். இதைப் படகின் பிறப்புப் பத்திரம் எனலாம். இயந்திரத்திற்குத் தனி எண் உண்டு.

2. பதிவு: யாருடையது? எந்த நாட்டுடையது?

1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தத்தை மலேசியா 1996இல் ஏற்றது. ஒரு கலம் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட உரிமை பெற்றுள்ளதோ, அந்த நாட்டின் தேசியத்தைப் பெறுகிறது என்கிறது அதன் 91ஆம் விதி. நாடற்ற கலத்தை ஆழ்கடலில் போர்க்கப்பல் நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது 110ஆம் விதி. மிகச் சிறிய கலங்களைப் பதிவேட்டில் சேர்க்காமல் விடவும் ஒப்பந்தம் இடம் தருகிறது. மாமாவின் படகு போன்றவற்றுக்கு உரிமத்தில் உள்ள பெயரே உரிமையாளரைக் காட்டும் சான்றாகிறது.

3. படகு உரிமம்: இந்த நீரில் ஓடலாமா?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். நிர்வகிப்பது கடல்துறை இலாகா. சரவாக்கின் ஆறுகளில் ஓடும் படகுகளுக்குச் சரவாக் நதிகள் வாரியம் இருக்கிறது. மீன்பிடித் தொழிலுக்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். பொழுதுபோக்குப் படகின் உரிமம் அதற்கு ஈடாகாது.

உரிமம் வெறும் கட்டண விவகாரம் அன்று. படகு கவிழ்ந்தால், யாருடைய குடும்பத்திற்குத் தகவல் சொல்வது என்பதை அணியத்தில் எழுதிய எண்ணைக் கொண்டுதான் தேடுவோர் அறிவார்கள்.

4. ஓட்டுபவரின் உரிமம்: இவருக்கு ஓட்டத் தெரியுமா?

இது ஆளுக்கு உரியது, படகோடு கைமாறாது. சிங்கப்பூரில் இயந்திரப் பொழுதுபோக்குப் படகை ஓட்டுவதற்கு, 1996இல் அமைந்த கடல்துறை, துறைமுக ஆணையத்தின் கீழ்த் தனி உரிமம் பெற வேண்டும்.

ஆகவே, படகு வாங்குவோர் பணம் கொடுக்குமுன் மூன்றைச் செய்ய வேண்டும். உரிமத்தின் மூலப்படியிலுள்ள பெயரை விற்பவரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். படகிலும் இயந்திரத்திலும் உள்ள எண்கள் தாளில் உள்ளவையா எனப் பாருங்கள். பெயர் மாற்றத்திற்கு விற்பவரையும் அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளின் சம்மதமின்றி வாங்காதீர்கள்.

மாமாவின் படகு இன்னும் வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கடலில் இறக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அவர் என்னை அழைத்தது பணம் கொடுத்த பிறகு. நண்பர்களே, மலாயும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறோம். பெரியவர்கள் எதை வாங்கப் போனாலும், அந்தத் தாளை முன்கூட்டியே நாம் கேட்டு வாங்கிப் படிப்போம்.