லோன் ஆப்ல கை வைக்கும் முன்னாடி இந்த 4 விஷயத்தைப் பாருங்க!

மயிலாடும்பாறையில இருந்து தினமும் தேனிக்குப் பஸ்ல வேலைக்குப் போற தம்பி ஒருத்தர். மாசக் கடைசி நெருக்கடியில ஒரு ஆப்ல ₹10,000 கடன் போட்டார். அக்கவுன்ட்ல ஏறினது ₹7,000. முப்பது நாள்ல கட்ட வேண்டியது முழு ₹10,000. ₹7,000-க்கு ₹3,000, அதாவது ஒரே மாசத்துல சுமார் 43%! தவணை ஒரு நாள் தள்ளிப்போச்சு. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் மிரட்டல் போன்.

2022-ல இருந்து ரிசர்வ் வங்கி விதிகள் சொல்றது இதுதான்:

1. உங்க கான்டாக்ட், போட்டோ, கால் லிஸ்ட்டை ஆப் எடுக்கக் கூடாது. 'அலோ' கேட்டா உஷாராகுங்க.

2. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி (ஏபிஆர்) கேஎஃப்எஸ் அறிக்கையில இருக்கணும். அதுல இல்லாத கட்டணத்தை வசூலிக்க முடியாது.

3. கடன் வேண்டாம்னு தோணினா, குறைஞ்சது ஒரு நாள் அவகாசம் உண்டு. அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளியே வரலாம். நியாயமான பிராசசிங் கட்டணம் மட்டும் பிடிக்கலாம்.

4. காலை 8-க்கு முன்னாடியும் இரவு 7-க்கு அப்புறமும் வசூல் போன் கூடாது.

கடன் கொடுக்கிற வங்கி அல்லது என்பிஎஃப்சி பேரே தெரியலையா? அந்த ஆப் வேண்டாம். பேர் இருந்தா முதல்ல அவங்ககிட்ட எழுத்துல புகார். 30 நாள்ல தீரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன். மிரட்டல், மார்ஃபிங்னா உடனே 1930.

வாங்கின கடனைக் கட்டணும், அதுல மாற்றமில்ல. ஆனா அதுக்காக அம்மாவை மிரட்டுற உரிமை யாருக்கும் கிடையாது.