ஒரு பொத்தான், இரண்டு பென்குயின்கள்

அன்புள்ள தம்பிக்கு,

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பயிற்சிக்குச் சேர்ந்து இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.யைக் கற்கத் தொடங்கியிருக்கிறாய். ஓய்வில் ஆட ஒரு பழைய வீடியோ கேம் சொல்கிறேன்: பைனரி லேண்ட். ஜப்பானின் ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் 1985-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வெளியிட்டது. அமெரிக்காவில் அது விற்பனைக்கே வரவில்லை. நம்மூருக்கு வந்ததும் நகல் கேசட்டுகளில்தான். மாரியோ, காண்ட்ரா இருக்கும் நீண்ட பட்டியலில் எங்கோ நடுவில் கிடந்தது. அதனாலேயே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பலர் தாண்டிப் போய்விட்டார்கள். அது அந்த விளையாட்டுக்குச் செய்த அநியாயம் என்பேன். ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு அவ்வளவு யோசிக்க வைப்பவை எக்காலத்திலும் குறைவு.

திரையின் நடுவே சுவர். இந்தப் பக்கம் ஒரு பென்குயின், அந்தப் பக்கம் அதன் ஜோடி. இரண்டையும் நகர்த்துவது ஒரே பொத்தான். மேலே அழுத்தினால் இரண்டும் மேலே போகும். இடப்பக்கம் அழுத்தினால் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போகும். உச்சியில் கூண்டுக்குள் இருக்கும் இதயத்தின் இருபுறமும் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து நிற்க வேண்டும். பி.எல்.சி. ஏணிப்படத்தில் தொடராகப் போட்ட இரண்டு காண்டாக்ட் மாதிரி, ஒன்று மட்டும் மூடினால் விளக்கு எரியாது. ஆனால் இரு பக்கப் பாதைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஒன்றைச் சுவரில் முட்ட வைத்து நிறுத்தி, அந்த நேரத்தில் மற்றதை நகர்த்த வேண்டும். தடையாகத் தெரிந்த சுவரே இங்கே கருவி. சிலந்தி வலையில் ஒன்று சிக்கினால், மற்றது வந்து மருந்தடித்து விடுவிக்க வேண்டும். இரண்டும் சிக்கினால் ஓர் உயிர் போயிற்று.

பழைய நினைவில் இதைப் புகழ்கிறேன் என்று நீ சொல்லலாம். உனக்கு அந்த நினைவே கிடையாது; உன் விரல் சொல்லட்டும். இன்றைய விளையாட்டுகளில் இதெல்லாம் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறது. 2013-இல் வந்த பிரதர்ஸ் விளையாட்டில் அண்ணன் தம்பி இருவரையும் ஒருவரே நடத்துவார். ஆனால் அங்கே ஆளுக்கொரு கட்டுப்பாட்டுக் குச்சி. கை பிரிந்து வேலை செய்யும். இங்கே கை ஒன்றுதான், பிரிய வேண்டியது கவனம். அது கடினம், அதனால்தான் சுவை. ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: போகப் போக ஆபத்து கூடுகிறதே தவிர, அடிப்படை விதி வளர்வதில்லை. அலுத்தால் நிறுத்திவிடு, அந்த விதி கைக்குப் பிடிபடும் வரை ஆடினால் போதும்.

அன்புடன்,
அண்ணன்