தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள்!

தெரியாததை நாலு பேரிடம் கேட்போம். தெரியும் என்று நினைப்பதை யாரிடமும் கேட்பதில்லை. அங்கேதான் தப்பு நடக்கிறது. வீட்டில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சில விஷயங்கள் இதோ:

1. கேஸ் சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் 'பி-27' என்பதுபோல எழுதியிருக்கும். அது கேஸ் காலாவதியாகும் தேதி அல்ல. சிலிண்டரை மறுபடி சோதனை செய்ய வேண்டிய கெடு. ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். ஆக, 'பி-27' சிலிண்டருக்கு 2027 ஜூன் வரை கெடு. கெடு தாண்டியதை வீட்டுக்குள் இறக்கவே விடாதீர்கள்.

2. அதே இடத்தில் 15.3 என்று இருந்தால் அது காலி சிலிண்டரின் எடை. அதோடு கேஸின் எடை 14.2 கிலோவைக் கூட்டுங்கள். தராசு 29.5 காட்ட வேண்டும்.

3. மாத்திரை அட்டையில் காலாவதி 8/2027 என்றிருந்தால் ஆகஸ்ட் பிறந்ததுமே தூக்கிப்போட வேண்டாம். அந்த மாதக் கடைசி நாள் வரை சாப்பிடலாம். அட்டையைக் கத்தரிக்கும்போது தேதியும் பெயரும் இல்லாத பக்கமாகவே கத்தரியுங்கள்.

4. டாக்டர் சீட்டில் ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப்போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்று பார்த்ததும் பதற வேண்டாம். வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையிலேயே கேட்டு, அட்டையின் மேல் தமிழில் எழுதி வாங்குங்கள்.

5. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல. டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம்தான். சிரப் நினைப்பில் டிராப்ஸை 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பாட்டிலோடு வந்த அளவு மூடியையோ டிராப்பரையோ மாற்றிப் போடாதீர்கள். சமையலறை ஸ்பூனால் மருந்து அளக்கவே வேண்டாம்.

6. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் பாதியை மட்டும் ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருக்காது. சிறியது 200 மில்லிக்கு, பெரியது 1 லிட்டருக்கு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கொட்டுங்கள். கூடுதலாகச் சர்க்கரை சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

7. பிஸ்கட், ரவை பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் மொறுமொறுப்பும் குறையாமல் இருக்கும் காலம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று போட்டிருந்தால், அந்தத் தேதிக்கு மேல் தொடவே கூடாது. இரண்டுமே பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான்.

8. ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போட்டால் கேக் கசக்கும். சோடாவின் வீரியம் அதிகம். ஒரு டீஸ்பூன் பவுடருக்குப் பதில் கால் டீஸ்பூன் சோடா போதும். அதோடு புளித்த தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்க்க வேண்டும்.

9. பழைய 5 ஸ்டார் ஃபிரிட்ஜும் புதிய 5 ஸ்டார் ஃபிரிட்ஜும் சமம் அல்ல. ஸ்டாருக்கான விதிகள் அவ்வப்போது கடுமையாகின்றன. கடையில் ஸ்டாரை மட்டும் எண்ணாமல், லேபிளில் உள்ள வருடத்தையும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் பாருங்கள்.

10. ரயில் டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00.15 என்றிருந்தால், 11-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 12-ஆம் தேதி ராத்திரி போய் நின்றால், வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும்.