ஓட்டு இயந்திரமும் உன் கோபமும்

அன்புள்ள கதிருக்கு,

பெரியப்பா எழுதுவது.  

காதுகுத்து வீட்டுப் பந்தியில் நீயும் முருகேசன் மாமாவும் தொடங்கிய சண்டை உனக்குள் இன்னும் ஓயவில்லை என்று உன் செய்தியைப் பார்த்தாலே தெரிகிறது. ‘பெரியப்பா, நீங்கள் எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர். அந்த இயந்திரத்தை நம்பலாமா, கூடாதா?’ என்று கேட்டிருக்கிறாய். ஒரே சொல்லில் பதில் வேண்டும் உனக்கு. அப்படி ஒரு சொல் என்னிடம் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி எப்படி யோசிக்கலாம் என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

கம்ப்யூட்டர் எதையும் ஹேக் பண்ணலாம், ஓட்டு இயந்திரமும் கம்ப்யூட்டர்தான், ஆகவே முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்றாய் நீ. அதில் இன்டர்நெட் இல்லை, ப்ளூடூத் இல்லை, ஆகவே யாரும் ஒன்றும் செய்ய முடியாது, தோற்றவன்தான் புலம்புவான் என்றார் மாமா. இரண்டு பேரும் பாதி உண்மையில் நின்றுகொண்டு முழு முடிவுக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். முதல் நாளே இயந்திரங்களை வாங்கிக்கொண்டு வேனிலோ லாரியிலோ ஏறி, ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கொசுக்கடியில் படுத்திருப்போம். தூக்கம் வராது. படிவங்களும் உறைகளும் அத்தனை. விடிவதற்கு முன்பே கட்சிகளின் ஏஜெண்டுகள் வர வேண்டும். அவர்கள் கண்ணெதிரே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 ஓட்டு. யாருக்கு எத்தனை போட்டோம் என்று எழுதிவைத்து, இயந்திரம் காட்டும் கணக்கையும், ஓட்டைக் காகிதச் சீட்டில் அச்சிடும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட வேண்டும். பிறகு அந்த ஓட்டுகளை அழித்து, இயந்திரம் பூஜ்யம் காட்டுவதை ஏஜெண்டுகளிடம் காட்டி, பச்சைத் தாள் முத்திரையில் அவர்களிடம் கையெழுத்து வாங்கி மூடுவோம். க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்று மூன்று பொத்தான்களையும் வரிசை மாறாமல் அழுத்தச் சொல்லிப் பயிற்சி வகுப்பில் மந்திரம் மாதிரி ஓதுவார்கள். ஏனென்றால் பரபரப்பில் மாதிரி ஓட்டை அழிக்க மறந்துபோன சாவடிகள் உண்டு. எண்ணும் நாளில் அங்கே கணக்கு இடிக்கும். மறுநாள் பேப்பரில் அது மர்மமாகிவிடும்.

பகல் முழுக்க ஒவ்வொரு ஓட்டுக்கும் எங்கள் பக்கம் ஒருவர் ‘பேலட்’ பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே நிற்பவரால் ஓட்டுப் போட முடியும். அவர் போட்டதும் விவிபேட் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 விநாடி நின்று பெட்டியில் விழும். மாலையில் இயந்திரத்தை மூடி, மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று படிவம் 17சியில் எழுதி, அதன் நகலை ஏஜெண்டுகளுக்குக் கொடுப்போம். எண்ணும் மேஜையில் இயந்திரம் காட்டும் மொத்தமும் இந்த எண்ணும் ஒன்றா என்று பார்க்கத்தான் அந்த நகல்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் தெரியுமா? காலையில் வாசல் நிறைய நிற்கும் ஏஜெண்டுகளில் பாதிப்பேர் சாயங்காலம் இருக்க மாட்டார்கள். ‘சார், கையெழுத்தை இப்பவே வாங்கிக்கோங்க, சோலி கெடக்கு’ என்று மத்தியானமே வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 17சி நகலை வாங்காமலே போனவர்கள் உண்டு. வாங்கியவர்களிலும் அதை எண்ணும் நாள் வரை பத்திரமாக வைத்திருந்து மேஜைக்குக் கொண்டுபோனவர்கள் எத்தனை பேரோ. தேர்தல் திருட்டு என்று மேடையில் முழங்கும் கட்சிக்காரர்களும் இதில் விலக்கு இல்லை. சிப்புக்குள் என்ன இருக்கிறதோ என்று தூக்கம் கெடும் முன்னால், கையில் கொடுக்கிற காகிதத்தை வாங்க ஆள் இல்லாத கூத்தைப் பற்றி நீ கொஞ்சம் கோபப்படலாம்.

சிப் பற்றிய உன் கேள்வி வீண் என்று நான் சொல்லவில்லை. உனக்கு எழுத்தாளர் சுஜாதாவைப் பிடிக்கும்; பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரத்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் அவர்தான் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு வேட்பாளர் யார், சின்னம் எது என்பதெல்லாம் தெரியாது. முதல் பொத்தானுக்கு எத்தனை, இரண்டாவதற்கு எத்தனை என்று எண்ணுவதோடு அதன் வேலை முடிந்தது. எந்தத் தொகுதியில் எந்தக் கட்சி எத்தனையாவது இடத்தில் வரும் என்பது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகே முடிவாகும். எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதையும் கட்சிக்காரர்கள் முன்னிலையில் குலுக்கித்தான் ஒதுக்குவார்கள். ஆகவே தயாரிக்கும்போதே ஒரு கட்சிக்குச் சாதகமாக அமைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் விவிபேட் வந்த பிறகு, சின்னங்களை வெளியிலிருந்து அதற்குள் ஏற்ற வேண்டியிருக்கிறது. வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு வெளியிலிருந்து ஒன்று உள்ளே போகிறது. சந்தேகப்படுவதென்றால் படித்தவன் கையை வைக்க வேண்டிய இடம் அதுதான். 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டுகளையும் எண்ணச் சொல்லும் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், சின்னம் ஏற்றும் கருவிகளை முடிவு வந்த பின் 45 நாள் முத்திரையிட்டு வைக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் 7 நாளுக்குள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கலாம் என்றும் வழி விட்டது. தீர்ப்பு வந்தபோது மூன்று நாள் கத்தினாய் அல்லவா, அதன் இந்தப் பகுதியை ஒருவராவது உன்னிடம் சொன்னார்களா?

இப்போது மாமா சொன்ன ‘தோற்றவன் புலம்புவான்’ என்பதற்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது அவர் கட்சியையும் சேர்த்துத்தான் சுடும். 1982ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள். இயந்திரம் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனவர் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. அது எடுபடவில்லை. தேர்தல் நடந்தது, 123 ஓட்டில் அவரே ஜெயித்தார். உடனே தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ் அதே இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்! சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுபடி ஓட்டுப்பதிவு நடந்தது. ஜெயித்தது ஜோஸ். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க 1989 ஆகிவிட்டது.

அன்று தொடங்கிய நாற்காலி மாற்றும் விளையாட்டு இன்றுவரை தொடர்கிறது. 2009ல் பா.ஜ.க. தோற்றபோது சந்தேகம் கிளப்பியவர்களில் அத்வானியும் ஒருவர். அடுத்த ஆண்டு அந்தக் கட்சியின் ஜி.வி.எல். நரசிம்ம ராவ் இயந்திரத்துக்கு எதிராகப் புத்தகமே எழுதினார், அத்வானி முன்னுரையோடு. சுப்பிரமணியன் சுவாமி வழக்கில்தான் காகிதச் சீட்டு அவசியம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014க்குப் பிறகு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கம். வாதங்கள் மட்டும் ஒரு வரி மாறவில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு. இருபத்தாறு வயதில் நீ ஏன் அவர்கள் காலண்டர்படி சந்தேகப்பட வேண்டும்? நீ ஓட்டுப் போட்ட கட்சி நம் மாநிலத்தில் அமோகமாக ஜெயித்த அன்று உன்னிடமிருந்து இயந்திரத்தைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் எனக்கு வரவில்லை. அதே கம்பெனி செய்த இயந்திரம்தானே அதுவும்?

செய்தி படிப்பதைப் பற்றியும் ஒன்று. 2021 ஏப்ரலில் வேளச்சேரியில் ஸ்கூட்டரில் இயந்திரத்தைக் கொண்டுபோனவர்களை மக்கள் மடக்கிய வீடியோவை நீயும் அனுப்பியிருந்தாய். ‘தமிழ்நாட்டையே திருடுகிறார்கள்’ என்று ஒரு கூட்டம். ‘அது பழுதான இயந்திரம், ஒன்றுமே இல்லை’ என்று இன்னொரு கூட்டம். விசாரித்தபோது, அதிலிருந்த விவிபேட் கொஞ்ச நேரம் ஓட்டுப்பதிவுக்குப் பயன்பட்டு, பிறகு பழுதாகி மாற்றப்பட்டது என்று தெரிந்தது. அந்த ஒரு சாவடிக்கு மறுவாக்குப்பதிவு நடத்தினார்கள். மறுவாக்குப்பதிவு செய்தியை அனுப்ப உனக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வீடியோவை அனுப்பியவன் முடிவையும் அனுப்ப வேண்டாமா? ஒரு சம்பவத்தைப் பத்துப் பேருக்குச் சொன்னால், அது எப்படி முடிந்தது என்பதையும் அதே பத்துப் பேருக்குச் சொல். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நீ அனுப்பும் செய்திகள் தானாகவே பாதியாகக் குறைந்துவிடும். குடும்பத்தில் பலபேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

என் கருத்தைக் கேட்டாயே, மறைக்காமல் சொல்கிறேன். பழைய சீட்டு முறைக்குத் திரும்பச் சொல்பவர்கள் அதை எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. 1996ல் மொடக்குறிச்சியில் 1033 பேர் போட்டியிட்டு ஓட்டுச்சீட்டு புத்தகமாகவே ஆனது. அது ஒரு வேடிக்கை. வேடிக்கை இல்லாதது, ரௌடிகள் உள்ளே புகுந்து கட்டுக்கட்டாகக் குத்திப் பெட்டியில் திணித்தது. இயந்திரத்தில் அந்த வேகம் நடக்காது. செல்லாத ஓட்டு என்று குவியல் குவியலாக ஒதுக்கிய வழக்கமும் போயிற்று. அதனால் இயந்திரம் இருக்கட்டும் என்கிறவன் நான்.

ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 விவிபேட் பெட்டியை மட்டும் எண்ணுவது போதும் என்பதை நான் ஏற்கவில்லை. அதிகம் எண்ணினால் முடிவு தாமதமாகும் என்கிறார்கள். 2024ல் நாம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்த சனத்துக்கு இன்னும் இரண்டு நாள் பெரிதா? ஜெர்மனியில் 2009ல் அரசியல் சாசன நீதிமன்றம் ஓட்டு இயந்திரத்தை நிறுத்தியபோது, யாரும் மோசடி செய்ததாக அது சொல்லவில்லை. நிபுணர் துணை இல்லாமல் சாதாரண மனிதன் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. எனக்கு மிகவும் பிடித்த நியாயம் அது. அங்கே இருந்தவை காகிதம் இல்லாத இயந்திரங்கள். நம்மிடம் காகிதம் இருக்கிறது, எண்ணத்தான் மனமில்லை. ‘ஹேக் பண்ணலாம்’ என்று மாமாவிடம் கத்துவதை விட இதைக் கேட்டுப்பார், அவரால் சுலபமாகத் தட்டிவிட முடியாது. இயந்திரத்தின் மென்பொருளை ஏன் பொதுவில் வைக்கவில்லை என்றும் கேள். அது உன் தொழில் சார்ந்த கேள்வி, என்னைவிட நீ நன்றாகக் கேட்பாய்.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தேர்தலுக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வா. உன் ஓட்டு இன்னும் இங்கேதானே இருக்கிறது. எந்த வேட்பாளராவது படிவம் 10 கொடுத்தால் நீ பூத் ஏஜெண்டாக உட்காரலாம். உனக்குப் பிடித்த கட்சிக்கே உட்கார், எனக்கு ஆட்சேபம் இல்லை. மாதிரி ஓட்டு தொடங்கும் முன்பே போய்விட வேண்டும், அதைத் தவறவிட்டால் போனதே வீண். ஃபோனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த ஒரு நாளைத் தாங்குவாயா என்பதுதான் என் கவலை. 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்காதே.

முருகேசன் மாமா சின்ன வயதில் ஏஜெண்டாக உட்கார்ந்தவர் என்பது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். சீட்டுக்கட்டுகளோடு உள்ளே வந்தவர்களை வாசலில் மறித்ததில் முன்பல் ஒன்று போனது. இயந்திரத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று அவரிடமே கேள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், மாலை காபிக்குப் பிறகு கேள்.

அன்புடன்,
பெரியப்பா