தோட்டத்திற்கு ஒரு தள்ளுவண்டி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களில் தலையில் சும்மாடும் அதன்மேல் எருக்கூடையுமாக நடக்கும் பெண்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நம் தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். கழுத்தும் இடுப்பும் தாங்கும் அப்பாரத்தை ஒரு சக்கரத்தின்மேல் ஏற்ற முடியாதா? முடியும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி அதற்கென்றே பிறந்தது.

சீனர்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதனை அறிந்திருந்தனர். அவர்களது வண்டியில் பெரிய சக்கரம் நடுவில் இருந்தமையால், பாரம் முழுவதையும் அதுவே தாங்கியது. இன்று நாம் காணும் வண்டியில் சக்கரம் முன்னால் இருக்கிறது. ஆகவே பாரத்தின் ஒரு பங்கு நம் கைகளுக்கும் வருகிறது.

அப்பங்கு எவ்வளவு? பாக்குவெட்டியைப் போல இதுவும் இரண்டாம் வகை நெம்புகோலே. சக்கர அச்சு ஆதாரம், நடுவில் பளு, கைப்பிடியில் நாம் தரும் திறன். அச்சிலிருந்து கைப்பிடி 120 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 60 கிலோ எருவின் மையம் அச்சிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருந்தால் கைகள் 30 கிலோ தூக்க வேண்டும். அதே எருவை 40 செ.மீ. தொலைவுக்கு முன்தள்ளி ஏற்றினால் 20 கிலோ போதும். வண்டி அதே வண்டிதான். ஏற்றும் முறையால் 10 கிலோ குறைகிறது! எனவே கனமான பொருளைச் சக்கரத்தின் பக்கமாகவே ஏற்றுக.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. வரப்பிலும் பாத்திகளின் இடையிலும் செல்ல ஒற்றைச் சக்கரமே ஏற்றது. சமதளக் களத்தில் இரட்டைச் சக்கரம் சாயாமல் நிற்கும்.

2. கரிசல் மண்ணில் மெல்லிய சக்கரம் அழுந்திவிடும். அகன்ற சக்கரம் வேண்டும். இக்குறையைப் போக்கவே 1974இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் சக்கரத்திற்குப் பதிலாகப் பந்து பொருத்திய வண்டியை உருவாக்கினார்.

3. காற்றடைத்த டயர் குலுக்கலைக் குறைக்கும். ஆனால் சீமைக் கருவேல முள் நிறைந்த பாதையில் அது அடிக்கடி பஞ்சராகும். அங்கே கெட்டி ரப்பர் சக்கரமே மேல்.

4. தள்ளுபவரே கைப்பிடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் எருச் சுமப்பவர் தாயாக இருக்க, தந்தையின் உயரத்திற்கு வண்டி வாங்கிப் பயனில்லை.

பயன்படுத்தும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குக. ஈரமண் கனமானது, தொட்டி நிரம்ப ஏற்றற்க. மழைக்காலத்தில் சக்கரத்திற்கும் கவைக்கும் இடையே கரிசல் அப்பிக்கொண்டு வண்டி நின்றுவிடும். அதனை அவ்வப்போது குச்சியால் வழித்துவிடுக. சேற்றில் பலகை இட்டு அதன்மேல் தள்ளுக. வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்து, அச்சுக்குக் கிரீஸ் இடுக.

நெம்புகோல் தத்துவத்தைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்தக் கணக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கூடையையாவது தலையிலிருந்து இறக்குமானால், அதுவே நாம் கற்ற கல்வியின் பயனாகும். நண்பர்களே, முயல்வோமாக!