பச்சை முட்டையும் பெருங்குடலும்

ஆண்டு மலரில் போய் வயிற்றைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். "படிச்சதை நாலு பேருக்குச் சொல்லுடா" என்பார் அப்பா. அதற்காகவே இக்கட்டுரை.

முதலாண்டில் விடுதிக்கு வந்ததும் உடம்பைத் தேற்ற ஆசை. சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார் என்று தினமும் ஐந்து பச்சை முட்டை குடித்தேன். அப்பா மூட்டை தூக்கி அனுப்பிய காசு அது. மெஸ்ஸில் கீரை, பொரியலை ஒதுக்கினேன். ஒரே மாதத்தில் மலச்சிக்கல், வாயுத் தொல்லை. அறை நண்பர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்கினார்கள்! ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன்.

உள்ளே நடப்பது என்ன?

நாம் உண்ணும் புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். மிஞ்சியது பெருங்குடலுக்குப் போகும். அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நார்ச்சத்து கிடைத்தால் அவை அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்து இல்லாமல் புரதம் மட்டும் வந்தால்? அதைச் சிதைக்கும்போது அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, பினால் வகைகள் உண்டாகும். வேதியியல் லேபில் மூக்கைப் பொத்துவோமே, அதே வாயுதான்! இவை அதிகமானால் குடல் சுவருக்குக் கேடு.

பச்சையா, வேகவைத்ததா?

1998-ல் பெல்ஜியத்தில் சில நோயாளிகளிடம் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதம் சுமார் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். கணக்குப் போடுங்கள். முட்டைக்கு 6 கிராம் என்றால் ஐந்துக்கு 30 கிராம். அதில் கிட்டத்தட்ட பாதியை நான் பாக்டீரியாவுக்குத்தான் படைத்திருக்கிறேன்! கிருமித் தொற்று பயம் வேறு.

இரண்டு வாரச் சோதனை

2015-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 20 கறுப்பின மக்கள், தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் 20 பேர். இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள். இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவிலிருந்து நார்ச்சத்து உணவுக்கு வந்த அமெரிக்கர்களுக்குக் குடல் அழற்சி குறைந்தது, பியூட்டிரேட் கூடியது. ஆப்பிரிக்கர்களுக்கு நேர் எதிர். இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வரவுமில்லை, போகவுமில்லை. ஆனால் அதன் அபாயத்தைக் காட்டும் அடையாளங்கள் அதற்குள்ளேயே மாறிவிட்டன.

அதற்காகப் புரதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020-ல் நம் நாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்த அளவு. 55 கிலோ உள்ள எனக்கு சுமார் 46 கிராம். பருப்பு, பயறு, வேகவைத்த முட்டை, மீன் போதும். பயறில் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே இருக்கின்றன.

போன விடுமுறையில் அம்மா கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் வைத்தார். முன்பெல்லாம் நண்பர்கள் முன் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சம். இந்த முறை பியூட்டிரேட் பற்றி விளக்கினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, வயிறு குளுந்தா சரி" என்றார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தோழர்களே, உடம்பை ஏற்றுங்கள், தப்பில்லை. முட்டையை வேகவைத்துச் சாப்பிடுங்கள். தட்டில் ஒதுக்கிய பொரியலையும் சாப்பிடுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை