சி.டி. வயரைத் திறந்து விடாதீர்கள்

மோட்டார் பேனலில் புதிதாக எனர்ஜி மீட்டர் மாட்டும்போது, தடித்த பவர் கேபிளிடம் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். சி.டி.யிலிருந்து (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மீட்டருக்குப் போகும் மெல்லிய வயரை யாரும் மதிப்பதில்லை. ஆளைத் தூக்கி அடிப்பதில் அது எதற்கும் குறைந்ததல்ல.

முதலில் சப்ளையைக் கவனிப்போம். மெயினை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘வேலை நடக்கிறது’ அட்டையையும் தொங்கவிடுங்கள். கன்ட்ரோல் சப்ளை வேறு ஃபீடரிலிருந்தோ யூ.பி.எஸ்.ஸிலிருந்தோ வரலாம், அதையும் தேடி அணையுங்கள். பேனலில் கெப்பாசிட்டர் இருந்தால் சார்ஜ் இறங்க 5 நிமிடமாவது விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். நியான் டெஸ்டரை நம்பி இறங்காதீர்கள். மல்ட்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து வேலை செய்யும் இடத்தில். மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில். இடையில் மீட்டரே பழுதாகியிருந்தால் மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இனி சி.டி. 200/5 சி.டி. என்றால் பிரைமரியில் 200 ஆம்பியர் ஓடும்போது செகண்டரியில் 5 ஆம்பியர். பிரைமரி கரண்ட்டைத் தீர்மானிப்பது மோட்டாரின் லோடு. மீட்டர் இருக்கிறதா இல்லையா என்பதல்ல. செகண்டரி திறந்துவிட்டால், எதிர்த்து நிற்க கரண்ட் இல்லாததால் பிரைமரி கரண்ட் முழுவதும் சி.டி.யின் கோரைக் காந்தமாக்கவே போய்விடும். திறந்த முனைகளில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறக்கூடும், சி.டி.யின் இன்சுலேஷனும் போகும். அதனால் செகண்டரியில் ஃபியூஸ், எம்.சி.பி. எதுவும் கூடாது. ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் பிளாக் வழியாகவே மீட்டருக்கு வயர் கொண்டுபோங்கள். பின்னால் மீட்டரைக் கழற்ற நேர்ந்தால், முதலில் லிங்க்கைப் போடுங்கள், பிறகு வயரைத் தொடுங்கள். செகண்டரியை ஒரே ஓர் இடத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

வோல்டேஜ் வயருக்கு விதி நேர்மாறு. அதற்கு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அதுவும் பஸ்பாரிலிருந்து வயர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே.

சி.டி.யின் பி1 முகம் சப்ளை பக்கம் இருக்கட்டும். ஆர் ஃபேஸ் சி.டி. ஆர் ஃபேஸ் வோல்டேஜுடன்தான் சேர வேண்டும். மூன்றில் ஒரு சி.டி. திரும்பியிருந்தால், அந்த ஃபேஸின் கிலோவாட் மைனஸில் வரும். லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருக்கும்போது, மைனஸைக் கழித்துக் கூட்டும் மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். எனவே, ஓடவிட்டதும் ஒவ்வொரு ஃபேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வயர் நுனிகளுக்கு லக் வைத்துக் கிரிம்ப் செய்து, இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் இன்சுலேஷன் மாட்டியிருந்தால் அது லூஸ் கான்டாக்ட்தான். இரு முனையிலும் ஒரே ஃபெரூல் நம்பர் போடுங்கள். பேனல் கதவுக்குத் தனி எர்த் வயர் வேண்டும். பேனலுக்கு வரும் சென்சாரின் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் கேபிளைப் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் போடாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இன்சுலேஷனைச் சோதிக்க மெகர் வைப்பதற்கு முன் மீட்டர், பி.எல்.சி. வயர்களைக் கழற்றிவிடுங்கள். 500 வோல்ட் மெகரே எலெக்ட்ரானிக் சாமான்களைக் கெடுத்துவிடும்.

‘மீட்டர்தானே’ என்று மெஷின் ஆபரேட்டரிடம் இந்த வேலையை விடாதீர்கள். தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். வயரிங் வரைபடத்தைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.